பன்றி வேட்டைக்குப் போன துரை

இருபத்துமூன்று வயசில் ஒரு ராஜினாமாக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு மாசம் அலைந்தவன் நான். மும்பை அப்போது பம்பாய். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் உத்தியோகம். மாதுங்காவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ரூம். காலையில் லெட்ஜரைத் திறந்தால் சாயங்காலம் மூடுவேன். நடுவில் நான் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி, மத்தியான சாப்பாட்டு இடைவேளை மட்டும்தான்.

டப்பாவில் இருக்கும் தயிர் சாதத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு நடக்கக் கிளம்பிவிடுவேன். அப்படி ஒரு நாள் வெயிலுக்கு ஒதுங்கிய இடம், அன்றைக்கு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்று பெயர். இப்போது சத்ரபதி சிவாஜி பெயரில் இருக்கிறது. உள்ளே நடராஜர், புத்தர், மினியேச்சர் ஓவியங்கள். எல்லாம் பார்த்துக்கொண்டே போனவன் ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டேன். நம் ஊர்ச் சிற்பம் இல்லை, பார்த்ததுமே தெரிந்தது. தாடி சுருள் சுருளாக, இடியாப்பம் பிழிந்த மாதிரி. கெண்டைக்கால் சதை முறுக்கேறி பயில்வான் மாதிரி. நம் சிற்பிகள் ஒருநாளும் இப்படிக் காலைச் செதுக்கமாட்டார்கள். கீழே ஒரு சின்னப் பலகையில் அசிரியா, நிம்ருத் என்று போட்டிருந்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு.

இராக்கில் இருந்த கல் இங்கே எப்படி வந்தது?

அதே வாரம் ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடையில், அட்டை போன ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. 'நினிவேயும் அதன் எச்சங்களும்'. எழுதியவர் ஆஸ்டின் ஹென்றி லேயார்ட். முதல் அத்தியாயத்தைப் படித்ததுமே எனக்கு அந்த ஆள் மேல் பொறாமை வந்துவிட்டது. சும்மா இல்லை, வயிற்றெரிச்சல்!

ஏன் என்று கேளுங்கள். லேயார்ட் 1817-ல் பாரிஸில் பிறந்தவர். சின்ன வயசு இத்தாலியில், ஓவியங்களுக்கு நடுவில். அப்புறம் மாமாவின் வக்கீல் ஆபீஸில் லண்டனில் தள்ளிவிட்டார்கள். தூசி, பத்திரம், கட்டு, முத்திரை. ஐந்தாறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். என்னை மாதிரியே. ஆனால் 1839-ல், இருபத்திரண்டாவது வயசில், மனுஷன் கிளம்பிவிட்டார்.

எங்கே கிளம்பினார் தெரியுமா? இலங்கைக்கு! அவருடைய அப்பா இலங்கையில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். சொந்தக்காரர்களும் அங்கே இருந்தார்கள். கொழும்பில் போய் வக்கீல் தொழில் பார்க்கலாம், முன்னுக்கு வரலாம் என்பது குடும்பத்தின் ஏற்பாடு. கூடப் போக ஒரு நண்பர் கிடைத்தார், எட்வர்ட் மிட்ஃபோர்ட். அவருக்குக் கடல் என்றால் ஆகாது. அதனால் லண்டனிலிருந்து கொழும்புக்குத் தரை வழியாகவே போவது என்று முடிவு செய்தார்கள். ஐரோப்பா, துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தானம், இந்தியா என்று குதிரை மேலேயே! கப்பலில் வாந்தி வரும் என்பதற்காக ஒருவர் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அந்த நூற்றாண்டு மனிதர்களை என்னவென்று சொல்வது.

மிட்ஃபோர்ட் சொன்னபடி இலங்கை போய்ச் சேர்ந்தார். லேயார்ட் கடைசி வரை போகவே இல்லை. 1840-ல் மோசூல் நகரத்தின் எதிரே, டைக்ரிஸ் நதியின் அக்கரையில் இரண்டு பெரிய மண்மேடுகளைப் பார்த்தார். ஒன்றின் மேல் யோனா தீர்க்கதரிசியின் சமாதி. பைபிள் தெரிந்தவர்களுக்கு யோனாவைத் தெரியும், மீன் விழுங்கின ஆள். அவரைக் கடவுள் அனுப்பின ஊர்தான் நினிவே. அந்த மகா நகரம் இந்த மண்ணுக்குள் இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் பரம்பரையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் ஒருத்தர் கிடையாது. நதியில் கீழே இன்னும் முப்பது கிலோமீட்டர் போனால் நிம்ருத் என்று மற்றொரு மேடு. வசந்த காலத்தில் புல் மூடி, மேலே ஆடு மேயும்.

கிரேக்கத்தில் தூண்கள் நிற்கின்றன. எகிப்தில் பிரமிடு நிற்கிறது. இங்கே ஒன்றுமே நிற்கவில்லை, வெறும் மண். அதுதான் லேயார்டை என்னவோ செய்துவிட்டது. பாரசீகத்துக்குள் போன பிறகு மிட்ஃபோர்டுக்கு டாட்டா காட்டிவிட்டு, பக்தியாரி மலை ஜனங்களோடு சுற்றினார். அவர்கள் தலைவருடைய மகனுக்கு வந்த ஜுரத்தை கொய்னா கொடுத்துக் குணப்படுத்தினார். திருடர்களிடம் மாட்டினார். கடைசியில் இஸ்தான்புல் போய் பிரிட்டிஷ் தூதர் ஸ்ட்ராட்ஃபோர்ட் கேனிங்கிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். மூன்று வருஷம் அந்த மனிதரின் காதில் மண்மேடு, மண்மேடு என்றே ஓதிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதற்குள் பிரெஞ்சுக்காரர் பால் எமில் போட்டா 1843-ல் கோர்சாபாத் என்ற இடத்தில் ஓர் அசிரிய அரண்மனையையே கண்டுபிடித்துவிட்டார். பிரெஞ்சுக்காரன் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் பிரிட்டிஷ்காரனுக்குத் தூக்கம் வருமா? கேனிங் தன் கைக்காசு அறுபது பவுண்ட் கொடுத்து, 'போய்த் தோண்டு' என்று அனுப்பினார்.

இங்கேதான் கதையில் வில்லன் வருகிறார்.

மோசூலின் ஆளுநர் முகமது பாஷா. லேயார்டின் வர்ணனைப்படி ஒற்றைக் கண், ஒற்றைக் காது, குள்ளம், குண்டு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஆளுக்கேற்ற ஆட்சி. பாஷா சுற்றுப்பயணம் போகிற கிராமத்தில் ஜனங்கள் விருந்து வைக்க வேண்டும். விருந்து முடிந்ததும் 'பல் வரி' என்று ஒன்று கட்ட வேண்டும். உங்கள் மட்டமான சாப்பாட்டை மென்றதில் பாஷாவின் பல் தேய்ந்துபோச்சு இல்லையா, அதற்கு நஷ்டஈடு! வரிகளைப் பற்றி நாம் எவ்வளவோ புலம்புகிறோம். பல்லுக்கே வரி கேட்டவர் இவர்.

இன்னொரு நாள், பாஷா செத்துவிட்டார் என்று ஊரில் செய்தி பரவியது. ஜனங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடிவிட்டார்கள். செய்தியைப் பரப்பினதே பாஷாதான். கொண்டாடினவர்கள் யார் யார் என்று பார்த்துவைத்துக்கொண்டு, வதந்தி கிளப்பின குற்றத்துக்காக அவர்கள் சொத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

இந்த ஆளிடம் போய், 'ஐயா, நான் மண்ணைத் தோண்டப் போகிறேன்' என்று சொன்னால் என்ன ஆகும்? புதையல் எடுக்க வந்திருக்கிறான் என்று நினைப்பார். அதனால் லேயார்ட் ஒன்றுமே சொல்லவில்லை. ஊர் பார்க்க ஈட்டி, துப்பாக்கி எல்லாம் எடுத்துக்கொண்டு, காட்டுப் பன்றி வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, 1845 நவம்பர் 8-ம் தேதி ஒரு தெப்பத்தில் ஏறிவிட்டார். துணிகளுக்கு அடியில் கடப்பாரையும் மண்வெட்டியும்.

இருட்டின பிறகு நிம்ருத் பக்கம் ஒரு பாழடைந்த கிராமத்தில் இறங்கினார். பாஷாவின் ஆட்கள் கொள்ளையடித்துவிட்டுப் போன கிராமம் அது. அவாத் என்கிற ஷேக் ஒரு குடிசையில் இடம் கொடுத்தார். அன்றிரவு லேயார்டுக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் மண்ணுக்குள் அரண்மனைகள், பூதங்கள், முடிவில்லாத எழுத்துகள். விடிந்ததும் அவாத் ஆறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆறே பேர். நம் வீட்டுக்கு செப்டிக் டாங்க் தோண்டக்கூட நாலு பேர் வேண்டியிருக்கிறது. அந்த ஆறு பேர் காலையில் ஒரு பக்கம் தோண்டினார்கள், ஆணி ஆணியாக எழுத்து வெட்டின கற்பலகைகள் வரிசையாக ஓர் அறையின் சுவராக நின்றன. சாயங்காலம் பாதி ஆட்களை மேட்டின் இன்னொரு மூலைக்கு அனுப்பினார். அங்கேயும் சுவர். முதல் நாளே, ஒன்றல்ல, இரண்டு அரண்மனைகள்! சினிமாவில் இப்படி வைத்தால் லாஜிக் இல்லை என்பீர்கள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவாத் ரகசியமாக லேயார்டை ஓரங்கட்டி, மடியில் முடிந்திருந்த ஒரு காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கொஞ்சம் தங்க ரேக்குத் துணுக்குகள். எதைத் தேடி வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. தங்கத்தை நீயே வைத்துக்கொள், எனக்குக் கல்தான் வேண்டும் என்று லேயார்ட் சொன்னதும் அவாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பைத்தியம் என்று நினைத்தாரோ, பெரிய கில்லாடி என்று நினைத்தாரோ.

விஷயம் பாஷா காதுக்குப் போயிற்று. போகாமல் இருக்குமா? பாஷா நேரடியாகத் தடுக்கவில்லை. மரியாதைக்காரர்! 'அந்த மேட்டில் முஸ்லிம்களின் சமாதி இருக்கிறதாமே, தோண்டினால் ஜனங்கள் மனசு புண்படுமே' என்று வருத்தப்பட்டார். லேயார்ட் போய்ப் பார்த்தால் நிஜமாகவே சமாதிக் கற்கள்! முந்தின நாள் வரை இல்லாதவை. காவலுக்கு வந்த அதிகாரி அப்புறம் சிநேகிதமாகி உண்மையைக் கக்கினார். ராத்திரியில் பக்கத்துக் கிராமங்களின் இடுகாட்டிலிருந்து கற்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து இங்கே நட்டிருக்கிறார்கள். பொய்ச் சமாதி கட்டுவதற்காக நிஜச் சமாதிகளை நாசம் பண்ணின கொடுமையைச் சொல்லி அந்த அதிகாரியே நொந்துகொண்டார். நல்லவேளை, கொஞ்ச நாளில் இந்த பாஷாவின் பதவி போய்விட்டது.

1846 பிப்ரவரியில் ஒரு காலை. லேயார்ட் பக்கத்து ஷேக்கின் முகாமிலிருந்து குதிரையில் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே இரண்டு அரபுகள் தலைதெறிக்க வந்தார்கள். சீக்கிரம் வாருங்கள், நிம்ரோதே அகப்பட்டுவிட்டார் என்றார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால், பள்ளத்திலிருந்து ஒரு தலை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆள் உயரத் தலை! மனித முகம், தாடி, கொம்பு வைத்த கிரீடம். மண்ணுக்கடியில் இருந்தது சிறகு முளைத்த ஒரு மிருகத்தின் உடம்பு. அதைப் பார்த்ததும் கூடை சுமந்த ஒருவர் கூடையைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தவர் மோசூல் போய்த்தான் நின்றார். ஊரே அமளிதுமளி. நகரத்து காஜி, முஃப்தி எல்லோரும் ஆளுநர் மாளிகையில் கூடிவிட்டார்கள். புது ஆளுநருக்கு ஒரே குழப்பம். இந்த நிம்ரோது நம்மவரா, காபிரா? எந்த மாதிரி மரியாதை கொடுப்பது? ஒன்றும் பிடிபடாமல், எதுக்கும் கொஞ்ச நாள் தோண்டாமல் இருங்கள், தலையை மரியாதையாக நடத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இந்தக் காவல் பூதங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அரண்மனை வாசலில் இரண்டு பக்கமும் நிற்கும். சிங்க உடம்பு அல்லது காளை உடம்பு, கழுகின் சிறகு, மனிதனின் தலை. அடுத்த முறை படம் கிடைத்தால் கால்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து இருக்கும். எதிரே நின்று பார்த்தால் இரண்டு கால்களில் அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் நாலு காலில் நடக்கும். வாசலுக்கு வருகிறவன் முதலில் நின்ற மிருகத்தைப் பார்க்கிறான், உள்ளே நுழையும்போது அது அவனோடு கூடவே நடக்கிறது. இரண்டும் சரியாக வர வேண்டும் என்று சிற்பி ஒரு காலைக் கூடுதலாகப் போட்டுவிட்டான். மூவாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், இந்தத் தந்திரத்துக்கு வயசு.

இதைக் கட்டினவன் இரண்டாம் அஷூர்நசிர்பால். கி.மு. 883 முதல் 859 வரை ஆண்டவன். தலைநகரை இங்கே மாற்றிக் கட்டி, கிரகப்பிரவேச விருந்து வைத்தான். பத்து நாள் விருந்து, 69,574 பேர் சாப்பிட்டார்கள் என்று கல்லில் வெட்டியே வைத்திருக்கிறான். கணக்குப்பிள்ளையாக இருந்தவன் என்ற முறையில் அந்தக் கடைசி நாலுபேர் வரை எண்ணின குமாஸ்தாவுக்கு என் வணக்கம். இன்னொரு பக்கம், பிடிபட்ட எதிரிகளின் தோலை உரித்ததையும் அதே கையால் அதே பெருமையோடு எழுதிவைத்தவன் இவன். கலையும் கொடூரமும் ஒரே சுவரில்.

அப்பேர்ப்பட்ட சாம்ராஜ்யம் கி.மு. 612-ல் நினிவே எரிந்ததோடு முடிந்தது. இருநூறு வருஷம் கழித்து, கி.மு. 401-ல், கிரேக்கத்து ஸெனபோன் தன் படையோடு இந்த வழியாகப் போனார். பாழடைந்த பிரம்மாண்டமான மதில்களைப் பார்த்தார். ஊர் பெயரை விசாரித்தார். சரியான பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போவது எப்படி? சுமார் பத்து டன் எடை. ரோடு இல்லை, கிரேன் இல்லை. பிரிட்டிஷ் மியூசியம் கொடுத்த இரண்டாயிரம் பவுண்டில் எல்லாச் செலவும் ஆக வேண்டும். பெரிய உருவங்களை மண்ணிலேயே விட்டுவிடு என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். லேயார்ட் கேட்கவில்லை. ஒரு காளையும் ஒரு சிங்கமும் கொண்டுபோயே தீருவது என்று மோசூல் தச்சர்களைக் கூப்பிட்டு ஒரு ராட்சத வண்டி செய்தார். இரும்பு அச்சு, பிரெஞ்சுக்காரர் போட்டா உபயோகித்துவிட்டுப் போட்டது.

1847 மார்ச் மாதம் காளையைச் சாய்க்கிற நாள். சுற்றுவட்டாரமே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. மேளம், நாதசுரம் மாதிரி ஒரு வாத்தியம், பெண்களின் குலவை. அரபுகள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, காளை மெல்ல மெல்லச் சாய்கிறது. பனைநார்க் கயிறுகள் இறுகி முறுக முறுக, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தரையைத் தொட நாலைந்து அடி இருக்கும்போது எல்லாக் கயிறும் ஒரே நேரத்தில் அறுந்தது. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மல்லாக்க விழுந்தார்கள். புழுதி. சத்தமே இல்லை. லேயார்ட் பள்ளத்துக்குள் குதித்து ஓடினார், துண்டு துண்டாகக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு.

ஒரு கீறல் இல்லை. எந்த இடத்தில் படுக்க வைக்க நினைத்தாரோ அந்த இடத்திலேயே படுத்திருந்தது! அன்றிரவு முழுக்க ஆட்டம் பாட்டம். மறுநாள் முந்நூறு பேர் வண்டியை இழுத்தார்கள். வழியில் ஒரு பழைய தானியக் குழியில் சக்கரம் மாட்டிக்கொண்டு, ஒருவழியாக நதிக்கரை சேர்ந்தார்கள். அங்கே அறுநூறு ஆட்டுத் தோல்களைக் காற்றடைத்துக் கட்டின தெப்பம். பாஸ்ரா வரைக்கும் மிதந்து போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தெப்பக்காரர்கள் மரத்தை விற்றுவிட்டு, தோல்களில் காற்றைப் பிடுங்கிச் சுருட்டிக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். அசிரியர்கள் காலத்திலிருந்தே அந்த நதியில் அதுதான் வழக்கம். அசிரியச் சிற்பத்திலேயே ஊதின தோலைக் கட்டிக்கொண்டு நீந்துகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்றைக்குக் கூட வந்த ஷேக் வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தாராம். எங்கள் முன்னோர் காலங்காலமாக இந்த மண்ணின் மேல்தான் கூடாரம் அடித்தோம், ஒருத்தருக்கும் தெரியாது. எங்கிருந்தோ வந்த நீ ஒரு குச்சியால் கோடு போட்டு, இங்கே அரண்மனை, இங்கே வாசல் என்கிறாய், தோண்டினால் இருக்கிறது, எப்படி என்றாராம். அவர் குரலில் இருந்தது வியப்பு மட்டும்தானா என்பது அந்தப் புத்தகத்தை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் எனக்குச் சந்தேகமாக வந்தது.

பாஸ்ராவிலிருந்து சரக்கு லண்டனுக்கு நேராகப் போகாது. பம்பாய் வந்துதான் போக வேண்டும். இப்போது புரிகிறதா, நான் பார்த்த கல்லின் ரகசியம்? அப்படி வந்துபோன காலத்தில் சில கற்கள் இங்கேயே தங்கிவிட்டன. நம் ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. பம்பாயில் பெட்டிகளை உடைத்து, வேடிக்கை பார்த்து, மறுபடி மூடியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் ஒரு கறுப்புக் கல் தூண் இருந்தது. மூன்றாம் ஷால்மனேசர் மன்னனுடையது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. நாலு பக்கமும் இருபது சின்னச் சின்னக் காட்சிகள், கப்பம் கட்ட வந்த ராஜாக்கள், இரட்டைத் திமில் ஒட்டகம், யானை, குரங்கு. ஒரு காட்சியில் பைபிளில் வருகிற இஸ்ரவேல் ராஜா யெகூ மண்ணில் விழுந்து வணங்குகிறார். இதை ஏற்றிக்கொண்டு பம்பாயிலிருந்து கிளம்பின கப்பல் 1848-ல் புயலில் மாட்டி, பாய்மரம் முறிந்து, மூழ்காமல் தட்டுத்தடுமாறி ஒதுங்கிய கரை எது தெரியுமா? இலங்கை! லேயார்ட் போகவேண்டிய ஊருக்கு லேயார்டின் கல் போய்ச் சேர்ந்தது.

1849-ல் புத்தகம் வெளிவந்தது. முதல் வருஷமே எட்டாயிரம் பிரதிகள். அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்ட ஒரு சமையல் புத்தகத்தோடு என் புத்தகத்தையும் பக்கத்தில் வைக்கலாம் போலிருக்கிறதே என்று லேயார்டே கேலியாக எழுதினார். இதில் ஒரு கூத்து. புத்தகத்தின் தலைப்பே தப்பு! அவர் தோண்டின நிம்ருத், நினிவே இல்லை. அது காலா என்ற வேறு நகரம். நிஜ நினிவே மோசூலுக்கு எதிரே, அவர் முதலில் பார்த்த மேடுகளில்தான் இருந்தது. அங்கேயும் போய்த் தோண்டினார். சென்னசெரிப்பின் அரண்மனை, எழுபத்தொரு அறைகள், வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மைல் நீளத்துக்குச் சிற்பச் சுவர் என்று கணக்குக் கொடுத்தார். 1851-ல் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. எம்.பி. ஆனார், தூதர் ஆனார். கல்யாணத்தின்போது மனைவிக்கு அசிரிய முத்திரைகளைக் கோத்து நெக்லஸ் செய்து போட்டார். அதை அணிந்துகொண்டு அந்த அம்மாள் விக்டோரியா மகாராணியின் விருந்துக்குப் போனார்.

இதுவரை நான் ஒரு பெயரைச் சொல்லாமலே வந்திருக்கிறேன், கவனித்தீர்களா? லேயார்டின் பக்கத்திலேயே நின்ற ஹோர்முஸ்த் ரஸ்ஸாம். மோசூலிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பையன். சேரும்போது இருபது வயசு. கூலி பட்டுவாடா, ஆட்களுக்குள் சண்டை வந்தால் பஞ்சாயத்து, ஷேக்குகளிடம் பேச்சுவார்த்தை எல்லாம் அவர்தான். லேயார்ட் போன பிறகு 1853 டிசம்பரில், பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒதுக்கின பகுதியில் ராத்திரி ராத்திரியாக நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டி, அஷூர்பானிபாலின் அரண்மனையைக் கண்டுபிடித்தார். உலகமே கொண்டாடுகிற சிங்க வேட்டைச் சிற்பங்கள் அங்கே வந்தவை. அம்பு பாய்ந்து பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு போகும் பெண் சிங்கத்தின் படத்தைப் பாருங்கள், நாலு நாள் மனசை விட்டுப் போகாது. களிமண் பலகைகளாக ஒரு நூலகமே கிடைத்தது. 1872-ல் ஜார்ஜ் ஸ்மித் அதில் பிரளயக் கதையைப் படித்துவிட்டு ஆனந்தத்தில் மியூசியத்துக்குள்ளேயே துணிகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்பார்கள்.

ரஸ்ஸாமுக்கு என்ன கிடைத்தது? பெருமை வேறு வெள்ளைக்காரர்கள் பெயரில் போயிற்று. அபிசீனிய மன்னரிடம் தூது போய் இரண்டு வருஷம் விலங்கோடு கிடந்ததுதான் இடையில் கிடைத்த பரிசு. கடைசியில் மியூசியத்தைச் சேர்ந்த பட்ஜ் என்பவர், களிமண் பலகைகள் திருட்டுப் போனதில் ரஸ்ஸாமின் சொந்தக்காரர்களுக்குப் பங்கு உண்டு என்று பேசினார். கிழவர் கோர்ட்டுக்குப் போனார். 1893-ல் ஜெயித்தார். நஷ்டஈடு ஐம்பது பவுண்ட். தன் கதையை எழுதி எடுத்துக்கொண்டு போனபோது இங்கிலாந்தில் போட ஆள் கிடைக்காமல் அமெரிக்காவில்தான் அச்சேறியது.

பம்பாய் நாட்களில் எனக்கு லேயார்ட்தான் ஹீரோ. ரஸ்ஸாமின் பகுதிகளைத் தள்ளிவிட்டுப் படித்தவன் நான். ராஜினாமாக் கடிதம் என்ன ஆச்சு என்கிறீர்களா? மாசா மாசம் ஊருக்கு மணியார்டர் போக வேண்டியிருந்தது. சட்டையோடு சலவைக்குப் போய்க் கூழாகித் திரும்பி வந்தது. நான் முப்பத்துமூன்று வருஷம் கணக்கு எழுதினேன். பட்டுவாடாவும் பஞ்சாயத்துமாக.

2015-ல் தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகளைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மோசூல் மியூசியத்தில் சம்மட்டியோடு ஆட்கள். நினிவேயின் வாசல் பூதத்தின் முகத்தை டிரில் மெஷினால் குடைகிறார்கள். அப்புறம் நிம்ருத். அஷூர்நசிர்பாலின் அரண்மனையில் பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்தை வைத்து ஒரே புகை. ஐ.எஸ். இயக்கத்தினர் அவர்களே எடுத்து வெளியிட்ட வீடியோ. லேயார்ட் இரவில் தூங்காமல் கனவு கண்ட அதே இடம்.

அதற்கு முன்பெல்லாம் நண்பர்களோடு வாக்குவாதம் வந்தால் நான் வெள்ளைக்காரனைத் திட்டுகிற கட்சி. கொள்ளைக்காரப் பயல்கள், எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கட்டும் என்பேன். அன்றைக்கு வாயடைத்துப் போச்சு. எடுத்துக்கொண்டு போனதால்தானே அந்தக் காளையும் சிங்கமும் பிழைத்தன என்று ஒரு நண்பர் போன் செய்தே கேட்டார். நியாயம்தானே என்று தோன்றியது. அப்புறம் யோசித்தேன். லேயார்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போகவில்லை. முடியாததை வரைந்துகொண்டு, போகும்போது திரும்ப மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனார். நூறு வருஷம் கழித்து வந்தவர்கள், துப்பறியும் கதை எழுதின அகதா கிறிஸ்டியின் கணவர் மல்லோவன் அதில் ஒருவர், மறுபடி திறந்தார்கள். (தந்தச் சிற்பங்களை அந்த அம்மாள் தன்னுடைய முகத்துக்குப் பூசும் க்ரீமால் சுத்தம் செய்தாராம்.) இராக் அரசாங்கம் ஆசை ஆசையாகச் சுவர்களை நிறுத்திக் கூரை போட்டது. வெடித்தது அதுதான். மண் மூடியே இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எடுத்துப் போனது எல்லாம் பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1855-ல் பிரெஞ்சுக்காரர்கள் இருநூறுக்கு மேற்பட்ட பெட்டிகளைத் தெப்பத்தில் அனுப்பி, குர்னா என்ற இடத்தில் கொள்ளைக்காரர்களிடம் மாட்டி நதியில் மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவை இன்றும் சேற்றில்தான். லேயார்ட் சொந்தக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு சிற்பம், அந்த மாளிகை பள்ளிக்கூடமான பிறகு பிள்ளைகள் தின்பண்டம் வாங்கும் கடையின் சுவரில் பெயின்ட் பூசிக் கிடந்தது. 1994-ல் நிஜமான கல் என்று தெரிந்து ஏலம் விட்டபோது 77 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. பாதுகாத்தார்கள் என்பதா இதை?

மறு வருஷம் மும்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, காலேஜ் படிக்கும் மகளை அந்த மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். தாடிக்காரர் அப்படியே நின்றார். பல் வரி, பன்றி வேட்டை, அறுந்த கயிறு எல்லாம் அங்கேயே நின்று சொன்னேன். கடைசியில் நிம்ருத்தையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"இழுத்தது முந்நூறு பேருங்கிறீங்க. அதுல உங்களுக்கு எத்தனை பேரு தெரியும்ப்பா?"

அவாத், ரஸ்ஸாம் என்று இரண்டு விரலை மடக்கினேன். அவாத் அன்றைக்கு இழுத்தாரா என்பதே எனக்கு நிச்சயமில்லை.

2022 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. நினிவேயின் மாஷ்கி வாயிலை 2016-ல் ஐ.எஸ். ஆட்கள் புல்டோசரால் இடித்திருந்தார்கள். அதைத் திரும்பக் கட்டுவதற்காகத் தோண்டினபோது உள்ளே சென்னசெரிப் காலத்துச் சிற்பப் பலகைகள் கிடைத்தன. இதுவரை யாரும் பார்க்காதவை. வில்லாளிகள், மலை, திராட்சைக் கொடி, ஈச்ச மரம். எல்லாம் 2,700 வருஷத்துக்கு முன்னால் செதுக்கினது. செய்தியோடு ஒரு போட்டோவும் இருந்தது. தொப்பி போட்ட ஒருவர் குனிந்து, கல்லின் மேல் மண்ணை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"யாருப்பா இவரு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். 'ஓர் இராக்கியத் தொழிலாளி' என்று போட்டிருந்தது.